கறுப்பின இளைஞர் வார்டுக்கு வரும்போது: புதிய செவிலியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெற்கு லண்டனில் மனநல வார்டு ஒன்றில் செவிலியர் நான். நம் ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், வந்த புதிதில் நாங்கள் செய்த அதே தவறுகளைச் செய்வதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. மருந்து நேரம், கையெழுத்து போன்றவை பழகப் பழகச் சரியாகிவிடும். கீழே உள்ளவை தாமாகச் சரியாவதில்லை.

உரத்த குரலை ஆபத்தாக எடுத்துக்கொள்வது

இருபது வயது இளைஞர், நல்ல உயரம். பல நாளாகத் தூக்கமில்லை. அம்மாவிடம் பேச வேண்டும், சார்ஜர் கொடுங்கள் என்று கேட்டார். "இதோ வருகிறேன்" என்று போனவர்கள் வரவில்லை. மூன்றாவது முறை குரல் உயர்ந்தது, கவுண்டரைத் தட்டினார். புதிதாகச் சேர்ந்தவர் பயந்து அலாரத்தை அழுத்திவிட்டார். ஓடிவந்தவர்கள் அந்த இளைஞரைத் தரையில் அழுத்திப் பிடித்து ஊசி போட்டார்கள். அந்த வாரமே ஒரு வெள்ளைக்கார இளைஞர் நாற்காலியைத் தூக்கி எறிந்தார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டீ கொடுத்துப் பேசினார்கள். நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

இதன் விலை பெரிது. அப்படிப் பிடிக்கப்பட்டவர் அடுத்த முறை நோய் முற்றும்வரை நம்மிடம் வரமாட்டார். இங்கிலாந்தில் மனநலச் சட்டத்தின் கீழ் கட்டாயமாக அனுமதிக்கப்படும் விகிதம் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் சுமார் மூன்றரை மடங்கு அதிகம். அதற்கு நம்மைப் பற்றிய இந்தப் பயமும் ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

2010இல் ஒலாசேனி லூயிஸ் என்ற 23 வயது பட்டதாரி, தாமாக முன்வந்து லண்டன் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தார். 11 போலீஸ்காரர்கள் அழுத்திப் பிடித்ததில் நினைவிழந்து, சில நாளில் இறந்தார். பெற்றோர் ஆண்டுக்கணக்கில் போராடியதால்தான் 2018இல் அவர் பெயரில் ‘சேனி சட்டம்’ வந்தது. பலப்பிரயோகத்தைக் குறைக்க ஊழியர்களுக்குப் பயிற்சி, ஒவ்வொரு பிரயோகத்துக்கும் பதிவு, வார்டுக்குள் வரும் போலீசின் உடையில் கேமரா எல்லாம் அதில் உண்டு. அந்தப் பயிற்சியில் தூங்காதீர்கள்.

கேட்டதைக் கொடுக்க முடிந்தால் உடனே கொடுங்கள். முடியாவிட்டால் எத்தனை மணிக்கு என்று சொல்லி, அந்த நேரத்துக்குப் போய் நில்லுங்கள். ஒருவர் மட்டும் பேசுங்கள். கதவை மறித்து நிற்க வேண்டாம்.

முதல் வேலையாகப் போலீசைக் கூப்பிடுவது

பள்ளி வயதிலேயே தெருவில் நிறுத்திச் சோதிக்கப்பட்டவர்கள் இவர்களில் பலர். சீருடையைக் கண்டாலே பதற்றம் கூடும். வீட்டில் நெருக்கடி என்றால் 111 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைத்து, மனநல உதவிக்கு 2ஐ அழுத்தலாம் என்று குடும்பத்தாருக்குச் சொல்லிக்கொடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் 999 என்ற அவசர எண்.

“ஆவேசமானவர்” என்று குறிப்பில் எழுதுவது

நடந்ததை எழுதுங்கள்: மூன்று முறை சார்ஜர் கேட்டார், கிடைக்கவில்லை, கவுண்டரைத் தட்டினார்.

“நாங்களும் கறுப்புதான், புரிகிறது” என்பது

வேண்டாம். அவர் பட்டதை நாம் பட்டதில்லை.

அவருடைய ஆட்களை விட்டுவிடுவது

டாக்டரிடம் வாய் திறக்காதவர் சலூன்காரரிடமோ சர்ச் பாஸ்டரிடமோ மனம்விட்டுப் பேசியிருப்பார். யாரைக் கூப்பிடலாம் என்று முதல் நாளே அவரிடம் கேளுங்கள். அவர் சம்மதித்தால் வரவழையுங்கள். தலைமுடிக்கும் தோலுக்கும் என்ன கிரீம் போடுவார் என்பதையும் அப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். வார்டில் இருக்கும் சீப்பு அவர் முடிக்கு ஆகாது.