இராவணன் வெட்டைச் சரியாகப் பார்ப்பது எப்படி

கோணேசர் கோயிலை ஒட்டிய பாறைப் பிளவான இராவணன் வெட்டைப் பார்க்கத் திருகோணமலைக்கு வருகிறவர்கள், வழியிலுள்ள பிரெட்ரிக் கோட்டை வாசலை ஓட்டோவிலேயே விர்ரென்று கடந்துவிடுகிறார்கள். நீங்கள் இறங்கி நடங்கள். வாசலில் இரட்டை மீன் சின்னத்தோடு ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, போர்த்துக்கேயர் 1620களில் இடித்த பழைய கோணேசர் கோயிலின் கல் என்கிறார்கள், அதை விட்டுவிட்டு மேலே போய் என்ன பயன்? அப்புறம் கோட்டைக்குள் மான்கள் திரியும், சாப்பாட்டுப் பார்சலைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் ஏறுகிற இந்த மலைதான் ஊருக்குப் பேர் தந்த கோணமலை, சம்பந்தர் தேவாரம் பாடிய தலம். மேலே இப்போதுள்ள கோயிலை ஒட்டியே பாறை பிளந்து கடல்வரை இறங்குகிறது. தாயின் வழிபாட்டுக்காக மலையையே பெயர்த்துக்கொண்டு போகப் பார்த்த இராவணன் வாளால் வெட்டிய இடமாம்! வெள்ளனவே போங்கள், செருப்பைக் கழற்ற வேண்டும், மத்தியானம் கல் சுடும். வேலிக்கு வெளியே எட்டிப் பார்க்க வேண்டாம்.