79வது நியூயார்க் ஹைலேண்டர்ஸ் பத்தி எழுதுறப்போ பண்ணக்கூடாத தப்புங்க

அமெரிக்க உள்நாட்டுப் போர்ல ஸ்காட்லாந்துக்காரங்க ரெஜிமென்ட்னு சொன்னாலே இந்த 79வது நியூயார்க்தான் முதல்ல வரும், ஆனா நிறைய பேர் இதை பிரிட்டிஷ் ஆர்மியோட 79வது கேமரன் ஹைலேண்டர்ஸோட போட்டுக் குழப்பிடுறாங்க. அது வேற, இது வேற. நம்பரும் ஸ்டைலும்தான் அங்கேருந்து வந்தது, ஆளுங்க நியூயார்க்ல குடியேறின ஸ்காட்டிஷ்காரங்க, கூட ஐரிஷ்காரங்க, இங்கிலீஷ்காரங்களும் இருந்தாங்க.

கில்ட், அதாவது ஸ்காட்லாந்து ஆம்பளைங்க கட்டுற பாவாடை மாதிரி உடுப்பு, அதைக் கட்டிக்கிட்டே சண்டை போட்டாங்கன்னு எழுதாதீங்க. அது பரேடுக்குப் போடுறது. களத்துல பெரும்பாலும் பேன்ட்தான், சிலது டார்டன் கட்டம் போட்டது, போகப்போக மத்த யூனியன் (வடக்குப் பக்க) சிப்பாய்ங்க மாதிரியே நீல உடுப்பு.

எனக்கு ரொம்ப வருத்தம் தர்றது இந்த ரெஜிமென்ட் பண்ண 1861 ஆகஸ்ட் கலகத்தை கோழைத்தனம்னு ஒரே வரியில முடிக்கிறதுதான். அதுக்கு முந்தின மாசம் வர்ஜீனியாவுல நடந்த புல் ரன் சண்டையில என்ன நடந்துச்சுன்னு பாருங்க, ஷெர்மன்ங்கிற யூனியன் தளபதியோட பிரிகேட்ல (பல ரெஜிமென்ட் சேர்ந்த படைப்பிரிவு) நின்னு செத்தது, காயம்பட்டது, பிடிபட்டதுன்னு கிட்டத்தட்ட 200 பேரை இழந்துட்டாங்க, கர்னல் ஜேம்ஸ் கேமரனும் அங்கேயே செத்துட்டார், அவர் போர்த்துறை அமைச்சர் சைமன் கேமரனோட தம்பி. மிச்சமிருந்தவங்க ஊருக்குப் போய் புது ஆள் சேர்த்துட்டு வரலாம்னு நம்பியிருந்தாங்க, அது நடக்கல, அதுக்கும் மேல ஐசக் ஸ்டீவன்ஸ்னு வெளியாளை கர்னலா போட்டாங்க, அதுலதான் கொதிச்சுட்டாங்க. யூனியன் ஜெனரல் மெக்லெலன் பீரங்கி, குதிரைப்படையோட சுத்தி வளைச்சு கொடியையே பறிச்சுட்டார், சிலரை ஜெயில்ல போட்டாங்க. அடுத்த மாசமே கொடி திரும்பக் கிடைச்சுது. இதுல கதையை நிறுத்துறதும் தப்பு, ஏன்னா அதே ஸ்டீவன்ஸ் ஜெனரல் ஆனப்புறம் 1862 செப்டம்பர் 1ம் தேதி வர்ஜீனியாவுல சான்டிலி சண்டையில இவங்க கொடியைக் கையில எடுத்துக்கிட்டு முன்னாடி போய்த்தான் குண்டடிபட்டு செத்தார். யாருக்கு எதிரா கலகம் பண்ணாங்களோ அவர் பின்னாடியே போனாங்க, இதைச் சொல்லாம அந்தக் கலகத்தை எழுதவே கூடாது.

1863 நவம்பர்ல டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில்ல இருந்த ஃபோர்ட் சாண்டர்ஸ் கோட்டையைக் காப்பாத்தினதுலயும் இவங்க உண்டு, வெட்டின மரங்களோட அடிக்கட்டைக்கு நடுவுல தந்திக்கம்பி கட்டி எதிரியைத் தடுக்கி விழ வெச்ச இடம் அது. 1864 மே மாசம் மூணு வருஷம் முடிஞ்சு பெரும்பாலானவங்க வீட்டுக்குப் போனாங்க, அதோட ரெஜிமென்ட்டே கலைஞ்சுடுச்சுன்னு எழுதாதீங்க, மிச்சப் பேர் 1865 வரைக்கும் இருந்தாங்க.

கடைசியா, ஸ்காட்டிஷ்காரங்கன்னா வடக்குப் பக்கம்தான்னு முடிவு கட்டாதீங்க. 1862 ஜூன்ல தென் கரோலினாவுல சார்ல்ஸ்டன் பக்கத்துல செசஷன்வில்ல இந்த ரெஜிமென்ட்ல அலெக்ஸாண்டர் கேம்பல் தாக்கப் போனார், கோட்டைக்குள்ள தெற்குப் பக்கப் படையில இருந்தது அவரோட சொந்த அண்ணன் தம்பியில ஒருத்தரான ஜேம்ஸ். சண்டை முடிஞ்சப்புறம்தான் ஜேம்ஸுக்கு விஷயம் தெரிஞ்சு கடிதம் எழுதினார்.