ஏற்காட்டில் ஒரு மௌனப் பனிமலைப் படத்தைத் திரையிட

சேலத்திலோ ஏற்காட்டிலோ திரைப்படச் சங்கம் நடத்துபவர்கள் மௌனக் கால மலையேற்றப் படமொன்றைத் திரையிட விரும்பினால், 1929இல் வெளியான ‘பிட்ஸ் பாலூவின் வெள்ளை நரகம்’ என்ற ஜெர்மன் படத்தில் தொடங்குவது நல்லது. நிலவியல் படித்துவிட்டுத் திரைத்துறைக்கு வந்த ஆர்னால்ட் ஃபாங்க், ஜி. டபிள்யூ. பாப்ஸ்டுடன் சேர்ந்து இதை இயக்கினார். சேர்வராயன் உச்சி ஏறத்தாழ 1,600 மீட்டர், படத்தில் வரும் ஆல்ப்ஸ் சிகரமான பிட்ஸ் பாலூ 3,900 மீட்டர் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பழகியவர்களுக்கு அந்த உயரம் உடனே பிடிபடும்.

1935இல் ஒலி சேர்த்துச் சுருக்கிய வடிவமும் இருப்பதால், மீட்டெடுக்கப்பட்ட மௌன வடிவத்தையே கேட்டு வாங்குங்கள். வேகத்தையும் முன்கூட்டியே ஓட்டிப் பாருங்கள்; கயிற்றில் ஏறுகிறவர்கள் பொம்மைகளைப்போலத் துள்ளினால், நொடிக்கு ஓடும் படச்சட்டங்கள் (ஃபிரேம்கள்) அதிகமென்று பொருள்.

நம் ஊரில் கவனம் மிகவும் தேவைப்படுவது, காட்சிகளுக்கு இடையே வசனத்தைத் திரையில் எழுத்தாகக் காட்டும் எழுத்து அட்டைகளில்தான். 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனம் தோன்றியபோதே பேசும்படம் வந்துவிட்டது. வசனத்தைக் காதால் கேட்டே வளர்ந்த ஊர் இது. ஆகவே அட்டைகளைத் தமிழில் நிதானமாக வாசிக்க ஒருவரை அமர்த்துங்கள். மௌனக் காலத்தில் தமிழகக் கொட்டகைகளில் திரையருகே நின்று கதை விளக்குபவர் இருந்ததுண்டு என்றாலும், இந்தப் படத்துக்கு அந்த விளக்கம் வேண்டாம்: கிராமத்தார் தீப்பந்தங்களோடு இரவில் பனிப்பிளவுக்குள் இறங்கித் தேடும் காட்சியில், வெளிச்சம் பட்டுப் பனிச்சுவர் ஒளிர்வதை எந்தச் சொல்லும் கெடுக்கக் கூடாது. படத்தோடு நேரில் இசைப்பவர்களும் அங்கே மிருதங்கத்தை நிறுத்திவிட்டு, வயலினில் ஒரே சுரத்தைத் தாழ்வாகப் பிடித்திருந்தால் போதும்.

அக்காட்சியின் கருமைக்காக அரங்கை முழுமையாக இருட்டாக்க வேண்டும். ஏற்காட்டில் மாலையில் மூடுபனி உள்ளே புகுந்தால் ஒளிக்கற்றை சிதறிப் படம் வெளிறும். எனவே சன்னல்களை முன்னதாகவே அடைத்துவிடுங்கள்.

படம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவதால் இடைவேளை தவிர்க்க முடியாததுதான். ஆனால் கதைமாந்தர்களான மருத்துவர் கிராஃப்ட்டும் இளம் இணையரும் பாறைவிளிம்பில் சிக்கிக்கொள்வதற்கு முன்பே இடைவேளை விட்டுவிடுங்கள். அவர்கள் குளிரில் உதவிக்காகக் காத்திருக்கும் நேரத்தின் நீளமே இப்படத்தின் உயிர். இடையில் தேநீர் குடிக்க எழுந்து சென்றவர்களால் அந்தக் காத்திருப்புக்குள் மீண்டும் நுழைய முடியாது.