ஃபைபர் இணைப்பு வருமுன் இரண்டு பிளக் பாயின்ட்டுகள்

ஃபைபர் எனும் கண்ணாடி இழை வழி இணைய இணைப்பைப் பொருத்துபவர் வருவதற்கு முன்பே, அடுத்தடுத்து இரண்டு மின் பிளக் பாயின்ட்டுகள் காலியாக உள்ள, வீட்டின் நடுப்பகுதிக்கு நெருக்கமான ஓர் இடத்தைத் தேர்ந்து, அதைச் சுற்றியுள்ள பொருள்களை அகற்றி வைத்துவிடுங்கள்.

பழைய செப்புக் கம்பி, தொலைபேசி நிலையத்திலிருந்தே ஏறத்தாழ 48 வோல்ட் மின்சாரத்தையும் சேர்த்துக் கொண்டுவந்ததால், சாதாரணத் தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் தேவைப்படவில்லை. கண்ணாடி இழையோ ஒளியை மட்டுமே கடத்துகிறது; ஆகவே அந்த ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றும் சுவர்ப் பெட்டிக்கு ஒன்று, ரவுட்டருக்கு ஒன்று என இரண்டு மின் இணைப்புகள் வேண்டும். இணையம் வழியே இயங்கும் டிஜிட்டல் தொலைபேசி பெரும்பாலும் ரவுட்டரின் பின்புறத்தில்தான் செருகப்படுகிறது என்பதால், தொலைபேசி இருக்குமிடத்தையும் இந்த இடத் தேர்வே தீர்மானிக்கிறது. இழையை அளவுக்கு மீறி வளைத்தால் ஒளி கசிந்து சமிக்ஞை பலவீனமாகும். எனவே பெட்டியைப் பொருத்திய பிறகு, அதை மேசைக்குப் பின்னால் நாமாகவே இழுத்து மாற்றுவது நல்லதன்று.

இரண்டு கருவிகளும் ஒரே பெட்டியாக வரும் இணைப்புகளில் ஒரு பிளக் பாயின்ட் போதும். ஆனால் எந்த வகை இணைப்பானாலும், மின்தடையின்போது கருவிகள் அணைந்து, அந்தத் தொலைபேசியில் அவசர அழைப்புக்கும் வழியில்லாமல் போகும். கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காத வீடுகளில் பேட்டரி வசதியைத் தனியாகக் கேட்டுப் பெறுவது அவசியம். திருட்டு எச்சரிக்கை மணியோ முதியோருக்கான அவசர அழைப்புக் கருவியோ தொலைபேசிக் கம்பியில் இணைந்திருந்தால், இந்த ஏற்பாடு மட்டும் போதாது. அவை புதிய இணைப்பில் இயங்குமா என்று அவற்றை வழங்கியவரிடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.