சூழல் உணர்திறன் மிக்க நிலங்களைக் காக்கும் உள்ளாட்சி விதியை எழுதுவது எப்படி?

"ஓடைகளும் ஈரநிலங்களும் பாதுகாக்கப்பட வேண்டும்" என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடும் விதி எதையும் பாதுகாப்பதில்லை. அந்த நிலத்தின் விளிம்பு எங்கே, அதை யார் அளப்பது, எந்தக் கட்டத்தில் அளப்பது என்ற மூன்றுக்கும் விதியிலேயே விடை இருந்தால்தான், மனைப்பிரிவு வரைபடத்தைப் பரிசீலிக்கும் அதிகாரியால் "இந்த இடத்தில் கூடாது" என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

படி 1: எவற்றைக் காக்கிறோம் என்று வரையறுங்கள்

ஈரநிலம், ஓடைக்கரை, வெள்ளச் சமவெளி, செங்குத்துச் சரிவு, நிலத்தடி நீர் ஊறும் பகுதி, அரிய உயிரினங்களின் வாழிடம் ஆகியவற்றைத் தனித்தனியே வரையறுக்க வேண்டும். ஆண்டில் சில வாரங்கள் மட்டும் நீர் நிற்கும் பள்ளத்தை விட்டுவிடாதீர்கள். 1971-ல் ஈரானின் ராம்சர் நகரில் உருவான உடன்படிக்கையும் தற்காலிக ஈரநிலங்களைச் சேர்த்தே வரையறுத்துள்ளது. சரிவுக்கு எண் கொடுங்கள்: 100 மீட்டர் கிடைத்தொலைவில் 25 மீட்டர் உயர்ந்தால் அது 25 சதவீதச் சரிவு.

படி 2: வரைபடங்களை அடுக்குங்கள்

மண், சரிவு, வெள்ளம், காடு ஆகியவற்றைத் தனித்தனித் தாள்களில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் முறையை 1960-களில் நிலத்தோற்ற வடிவமைப்பாளர் இயன் மெக்ஹார்க் பரவலாக்கினார். இன்று அதையே கணினியில் ஜிஐஎஸ் என்னும் புவியியல் தகவல் மென்பொருள் செய்கிறது. ஆயினும் வரைபடம் ஒரு முன்னறிவிப்பு மட்டுமே என்பதால், வரைபடமும் களமும் முரண்பட்டால் களத்தில் கண்டதே செல்லும் என்று விதியில் எழுதிவிடுங்கள்.

படி 3: விளிம்பைக் களத்தில் கண்டறியச் செய்யுங்கள்

என் கருத்தில் இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான படி. கோடையில் காய்ந்து கிடக்கும் ஈரநிலம் பார்வைக்குச் சாதாரணத் தரிசாகவே தோன்றும். ஆனால் மண்வெட்டியால் 40 சென்டிமீட்டர் ஆழம் தோண்டிப் பாருங்கள்: நீரில் நெடுநாள் ஊறிய மண்ணில் ஆக்சிஜன் இல்லாததால் இரும்பு கரைந்து வெளியேறி மண் சாம்பல் நிறமாகியிருக்கும், வேர்கள் ஓடிய தடங்களில் மட்டும், அவற்றின் வழியே கசிந்த ஆக்சிஜனால், துருநிறக் கோடுகள் இழையோடும். மண், தாவரங்கள், நீரின் தடயங்கள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்து, தகுதி பெற்ற வல்லுநர் ஒருவர் விளிம்பில் கொடி நட்டு அளவிட வேண்டும் என்று விதி சொல்லட்டும்.

படி 4: காப்பு இடைவெளியை எங்கிருந்து அளப்பது என்று எழுதுங்கள்

வண்டலைத் தடுக்கவும், நிழலால் நீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கவும் ஓடையோரத் தாவரங்கள் தேவை. இதற்காக ஓடைக்கும் கட்டுமானத்துக்கும் நடுவே 15 முதல் 30 மீட்டர் வரையிலான இடைவெளி பல இடங்களில் விதிக்கப்படுகிறது. கரைக்குக் கரை 20 மீட்டர் அகலமுள்ள ஓடையில், 15 மீட்டரை நடுக்கோட்டிலிருந்து அளந்தால் கரையில் 5 மீட்டரே மிஞ்சும். ஆகவே "கரையின் மேல்விளிம்பிலிருந்து, கிடைமட்டமாக" என்ற சொற்கள் விதியில் இடம்பெறட்டும்.

படி 5: மனை பிரிக்கும் முன்பே ஆய்வைக் கட்டாயமாக்குங்கள்

மனைக்கோடுகள் போட்ட பின் நடக்கும் ஆய்வு பேரமாகவே முடியும். முதலில் விளிம்பைக் குறிக்கவும், பிறகு மனைகளை நெருக்கி அமைக்க இடம்கொடுக்கவும் வேண்டும். 10 ஹெக்டேரில் 2,000 சதுர மீட்டர் வீதம் 40 மனைகள் போட்டால் 8 ஹெக்டேர் தீர்ந்து, மீதி சாலைக்குப் போய்விடும். அதே 40 மனைகளை 1,000 சதுர மீட்டராகக் குறைத்தால், சாலைக்கு 2 ஹெக்டேர் விட்ட பின்னும் 4 ஹெக்டேர் தொடப்படாமல் நிற்கும். உரிமையாளர் ஒரு மனையைக்கூட இழப்பதில்லை.

படி 6: விலக்குக்கு ஒழுங்கான வழி வையுங்கள்

நிலத்துக்கு வரும் பாதிப்பைத் தவிர்த்தல், குறைத்தல், ஈடுசெய்தல் என்ற வரிசை மாறக்கூடாது. நிலத்தின் பொருளாதாரப் பயன் முழுவதையும் பறிக்கும் விதிக்கு, சில விதிவிலக்குகள் தவிர, இழப்பீடு தர வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992-ல் லூகாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. நியாயமான குறைந்தபட்சப் பயன்பாட்டுக்கு இடம் தரும் பிரிவு உரிமையாளருக்கு நீதி செய்வதோடு, வழக்கு வந்தால் விதிக்கும் வலுச் சேர்க்கும்.

படி 7: எல்லையைத் தரையிலும் பத்திரத்திலும் பதியுங்கள்

முதல் இயந்திரம் நுழையும் முன்பே வேலி நிற்க வேண்டும். அதை அதிகாரி நேரில் பார்த்த பின்னரே பணி தொடங்க வேண்டும். காப்புப் பகுதி ஒவ்வொரு மனையின் பத்திரத்திலும் வரைபடத்தோடு இடம்பெற்றால், அந்த மனையைப் பின்னர் வாங்குபவரும் அதன் எல்லையை அறிந்தே வாங்குவார்.