பின் சக்கரம் மாற்றுகிறீர்களா? முதலில் ஹப்பைப் பாருங்கள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்குக் களப்பணி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரிலிருந்து சாயங்காலம் எடை போடும் வரை தோட்டப் பாதையில் ஒரு நாளைக்கு 14 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிறேன். பாதி மண், பாதி கல். வண்டி 26 இன்ச், 7 கியர், டிஸ்க் பிரேக் வைத்த சாதாரண எம்டிபி, அதாவது மலைப்பாதை சைக்கிள். என் எடை 80 கிலோ, அதோடு முதுகில் ஒரு பை. இரண்டு வருஷத்தில் பின் சக்கரத்து ஆக்சில் (நடுவில் இருக்கும் அச்சு) மூன்று தடவை உடைந்தது. மூன்றாவது தடவை ஐப்பசி மழையில், அட்டைக்கடி வேறு, வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மேடேறினேன்.

அப்போது அவசரத்தில் ரெடிமேடாகக் கட்டிய ஒரு பின் சக்கரம் வாங்கினேன். விலை குறைவு, ரிம் (டயர் உட்காரும் வளையம்) பளபளவென்று இருந்தது. நாலு மாதத்தில் அதன் ஆக்சிலும் வளைந்தது. மேட்டுப்பாளையத்தில் சக்கரம் கட்டும் பாய் ஒருவரிடம் கொண்டுபோனேன். கழற்றிப் பார்த்துவிட்டு, "நீங்க வீலைத்தான் மாத்திருக்கீங்க தம்பி, ஹப்பு அதே ஜாதிதான்" என்றார். ஹப் என்பது சக்கரத்தின் நடுவில் ஆக்சிலைச் சுற்றியிருக்கும் உருளை. குறைந்த செலவில் சக்கரம் தேடுபவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு நாலு ஆக்சில் செலவானது.

விஷயம் என்னவென்றால், விலை குறைந்த 6, 7 கியர் வண்டிகளில் பெரும்பாலும் ஃப்ரீவீல் ஹப்தான் வரும். பல் சக்கரக் கொத்து முழுவதும் மரை போட்டு ஹப்பின் மேல் திருகியிருக்கும். அதற்கு இடம் விட வேண்டும் என்பதால் வலது பக்கத்து பால்ஸ் (ஹப் சுழல உதவும் குண்டுகள்) ஹப்பின் உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து ஃபிரேம் வரை ஆக்சிலுக்குத் தாங்கல் எதுவும் கிடையாது. கல்லில் இறங்கும் ஒவ்வொரு அடியும் அந்த இடத்தைத்தான் வளைக்கும். கேசட் எனும் பல் கொத்தை மரையில் திருகாமல் செருகி மாட்டுகிற ஃப்ரீஹப்பில் வலது பக்கத்து பால்ஸ் ஃபிரேமை ஒட்டியே இருப்பதால் அதே எடையை ஆக்சில் சுலபமாகத் தாங்கிவிடும். ஊருக்குள் தார் ரோட்டில் ஓட்டுபவருக்கு ஃப்ரீவீல் போதும், மாற்ற வேண்டியதில்லை. காட்டுப் பாதை, கனமான உடம்பு என்றால் ஃப்ரீஹப்தான் வேண்டும்.

உங்களிடம் இருப்பது எது? பல் சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றுங்கள். சின்னப் பல்லுக்குள் டூல் மாட்டும் பள்ளங்கள் தெரியும். அவையும் கூடவே சுற்றினால் கேசட். பல் மட்டும் சுற்றி அவை அப்படியே நின்றால் ஃப்ரீவீல்.

பழைய 7 கியர் ஷிஃப்டரை மாற்ற வேண்டுமோ என்று நானும் பயந்தேன். வேண்டாம். 8, 9 கியருக்கான ஃப்ரீஹப்பில் 4.5 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளி நிரப்பும் வளையம்) ஒன்றை முதலில் போட்டு, அதன் மேல் 7 கியர் கேசட்டை மாட்டினால் சரியாக உட்காரும். செயின் தேய்ந்திருந்தால் மட்டும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பழைய செயின் புதுப் பல்லில் சறுக்கும்.

சரி, கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே எடுக்க வேண்டிய அளவுகள். டயரின் பக்கவாட்டில் 54-559 என்பது போல அச்சிட்டிருக்கும். இரண்டாவது எண்தான் ரிம்மின் உண்மையான அளவு. 26 இன்ச் எம்டிபிக்கு 559, 27.5-க்கு 584, 29-க்கு 622. வாயால் "26" என்று மட்டும் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். சாதா சைக்கிளில் வரும் 26 இன்ச் 1⅜ டயருக்கு ரிம் 590. அதில் எம்டிபி டயர் உட்காராது. அந்த மூன்று இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்து, சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஃபிரேமில் ஆக்சில் உட்காரும் இரண்டு காதுகளுக்கும் இடையே உள்பக்கம் அளந்து பாருங்கள். நட்டோ கையால் திறக்கும் குவிக் ரிலீஸோ வைத்த வண்டியில் பொதுவாகப் பின்னால் 135 மி.மீ., முன்னால் 100 இருக்கும். காதில் திறப்பு இல்லாமல் தடித்த ஆக்சிலை உருவி எடுக்கிற வண்டி என்றால் 142, 148 என்று வேறு அளவுகள் வரும். அந்த வண்டிக்கு, ஆக்சிலில் எழுதியிருப்பதைப் படிக்காமல் எதையும் வாங்காதீர்கள். பிரேக் தட்டு ஆறு போல்ட்டில் நிற்கிறதா, நடுவில் ஒரே வளையத்தால் இறுக்கும் சென்டர்லாக்கா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வி-பிரேக் வண்டிக்கு ரிம்மின் பக்கவாட்டில் பிரேக் கட்டை பிடிக்கும் தட்டையான பரப்பு அவசியம். டிஸ்க்குக்கென்றே வரும் ரிம்மில் அது இருக்காது. டியூபின் வால்வு தடித்ததா மெல்லியதா என்று பார்த்து, ரிம் துளை அதற்கு ஏற்றதாக இருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

ரிம்மில் நான் விட்டுக்கொடுக்காதது ஒன்றே ஒன்று: டபுள் வால், அதாவது இரட்டைச் சுவர். வெட்டுமுகம் பெட்டி போல மூடியிருக்க வேண்டும். ரிம் டேப்பைத் தூக்கிப் பார்த்தால் சக்கரக் கம்பியின் (ஸ்போக்) முனையை இறுக்கும் சின்ன நட்டான நிப்பிள் குழிக்குள் இறங்கியிருக்கும். சிங்கிள் வாலில் அது நேராக ரிம்மின் அடித்தட்டிலேயே நிற்கும். 2.1 டயருக்கு உள் அகலம் 19 முதல் 25 மி.மீ. வரை போதும். பெயர் பெற்ற பிராண்டுக்காக இங்கே கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ரிம் எப்படியும் ஒரு நாள் கல்லில் அடிவாங்கும் பொருள்.

கம்பி விஷயத்தில் சின்னக் காந்தம் ஒன்றைப் பையில் எடுத்துப் போங்கள். டப்பென்று ஒட்டிக்கொண்டால் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி. ஒட்டாமலோ லேசாக இழுத்தோ விட்டால் ஸ்டெயின்லெஸ். எங்கள் ஊர்ப் பனிக்கும் மழைக்கும் ஜி.ஐ. துருப்பிடித்து நிப்பிளோடு இறுகிவிடும். அப்புறம் கம்பிகளை இறுக்கித் தளர்த்திச் சக்கரத்தின் கோட்டம் எடுக்கவே முடியாது. பழைய கம்பியைப் புது ஹப்பில் போடச் சொல்லாதீர்கள். ஹப்பும் ரிம்மும் மாறினால் கம்பி நீளமும் மாறும். தவிர, வளைவுப் பகுதியில் ஏற்கெனவே களைத்துப்போன கம்பி ஒவ்வொன்றாக அறும்.

எனக்கு ஆன கணக்கைச் சொல்கிறேன். ஷிமானோ எம்475 பின் ஹப், 32 துளை, 1,900 ரூபாய். டபுள் வால் ரிம் 1,100. ஸ்டெயின்லெஸ் கம்பி நிப்பிளோடு 480. பாய் கட்டிய கூலி 500. மொத்தம் 3,980. கேசட் தனி. உடைந்த ஆக்சில்களுக்கும் அந்த ரெடிமேட் சக்கரத்துக்கும் கொடுத்ததைக் கூட்டினால் கிட்டத்தட்ட இதே தொகை வருகிறது. ஹப்பையும் ரிம்மையும் வாங்கும்போது இரண்டிலும் துளை எண்ணிக்கை ஒன்றா என்று அங்கேயே எண்ணிப் பாருங்கள். 32 துளை ஹப்பும் 36 துளை ரிம்மும் சேராது.

கட்டித் தரும் ஆள் கிடைக்காத ஊரில் ரெடிமேட் சக்கரம்தான் வழி என்றாலும் தேர்ந்து வாங்கலாம். ஆக்சிலை விரலால் உருட்டுங்கள். மணல் அரைப்பது போல இருந்தால் கிரீஸ் இல்லை, அல்லது பால்ஸை அழுத்திப் பிடிக்கும் கோன் அதிகம் இறுகியிருக்கிறது. பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து அழுத்துங்கள். விரலால் சுண்டிப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சத்தம் தர வேண்டும். இடமும் வலமும் வேறுபடுவது பின் சக்கரத்தில் இயல்பு, வலது பக்கம் இறுக்கம் அதிகம். ஒரே பக்கத்தில் ஒன்று "டிங்" என்றும் அடுத்தது "டொப்" என்றும் கேட்டால் அதைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். பழைய சக்கரம் வாங்குவதானால் கம்பித் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். விரிசல் இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

வாங்கிவந்த பின் பிரேக் தட்டை மாற்றும்போது நட்சத்திர முனை கொண்ட டி25 கீயால் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஹைட்ராலிக் பிரேக் என்றால் சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் பிடியைத் தொடாதீர்கள். பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் ஓட்டத்தில் கம்பிகள் டிக் டிக்கென்று சத்தம் போடும். முறுக்கு விட்டு உட்காருகிற சத்தம் அது, பயப்பட வேண்டாம். 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை கோட்டம் எடுத்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் கம்பி தளர்ந்து அறுந்துவிடும்.

முன் சக்கரத்தை நான் மாற்றவே இல்லை. அங்கே எடையும் குறைவு, இழுவையும் இல்லை. மழைக்காலம் முடிந்ததும் கோனைக் கழற்றி, பால்ஸைத் துடைத்து, புதுக் கிரீஸ் வைத்து மூடுகிறேன். வண்டியோடு வந்த ரிம்தான் இன்னும் ஓடுகிறது.