மிரர்லெஸ்ஸா, பாக்கெட் கேமராவா? கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

ஃபோன் போதவில்லை, தனியாக ஒரு கேமரா வாங்கியே தீருவது என்று முடிவு செய்துவிட்டீர்கள் என வைத்துக்கொள்கிறேன். ஷட்டர் ஸ்பீடு என்றால் என்ன, ஐஎஸ்ஓ என்றால் என்ன என்பதையெல்லாம் இங்கே விரிவாகச் சொல்லப் போவதில்லை. யூடியூபில் அதற்கு ஆள் நிறைய இருக்கிறார்கள்.

சமீபத்தில் அக்காவுக்காக இந்த அலசலைச் செய்ய வேண்டியிருந்தது. மகளின் பரதநாட்டிய நிகழ்ச்சிகள், வருடத்துக்கு ஒரு சுற்றுலா, வீட்டு விசேஷங்கள் – இவ்வளவுதான் அவள் தேவை. "சின்னதா இருக்கணும்டா, ஆனா படம் நல்லா வரணும்" என்றாள். எல்லோரும் கேட்பது இதைத்தான். நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில்: எது எது?

பாக்கெட் கேமரா என்று கடையில் ஒரே அலமாரியில் வைத்திருப்பார்கள். ஆனால் அதில் இரண்டு சாதி உண்டு.

ஒன்று, கேனன் இக்ஸஸ் 285 ஹெச்எஸ் போன்ற அல்ட்ரா காம்பாக்ட். எடை 147 கிராம், சட்டைப் பையில் போடலாம். சென்சார் (படம் பதியும் சில்லு) 6.2 × 4.6 மி.மீ.தான். இன்றைய பல ஃபோன்களின் மெயின் கேமரா சென்சார் இதைவிடப் பெரியது. இதன் பலம் 12 மடங்கு ஜூமும் நிஜமான ஃபிளாஷும். ஃபிளாஷ் அடித்த 2000களின் பார்ட்டி ஃபோட்டோ தோற்றம் பிடிக்கும் என்றால் வாங்குங்கள். ஃபோனைவிடத் தெளிவாக வரும் என்று நம்பி வாங்காதீர்கள்.

இன்னொன்று, '1 இன்ச்' சென்சார் வகை. சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7, கேனன் ஜி7 எக்ஸ் மார்க் 3 இரண்டும் 2019இல் வந்தவை, சுமார் 300 கிராம். சென்சார் 13.2 × 8.8 மி.மீ. அந்த 1 இன்ச் எந்தப் பக்கத்தின் அளவும் அல்ல, பழைய வீடியோ கேமரா டியூப் காலத்துக் கணக்கு. பெயரை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள்.

மிரர்லெஸ் என்பது லென்ஸைக் கழற்றி வேறு மாட்டக்கூடிய வகை. ஆரம்ப நிலையில் என்றால் கேனன் ஆர்50, ஆர்100, நிக்கான் இசட்30, சோனி இசட்வி-ஈ10. எல்லாம் ஏபிஎஸ்-சி எனப்படும் பெரிய அளவுச் சென்சார். கேனனில் 22.3 × 14.9 மி.மீ., மற்ற இரண்டிலும் கொஞ்சம் கூடுதல்.

படி 1: ஃபோன் கேலரியைத் துருவுங்கள்

நல்ல படங்களை விட்டுவிடுங்கள். சொதப்பிய படங்களைத் தேடுங்கள். கூகுள் ஃபோட்டோஸில் படத்தைத் திறந்து மேலே தள்ளினால் ஷட்டர் ஸ்பீடு, ஐஎஸ்ஓ எல்லாம் வரும். இருட்டில் மங்கியதா, ஆள் அசைந்து கலங்கியதா, தூரத்தில் இருந்ததை ஜூம் செய்து பிசுபிசுத்ததா என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அக்கா ஃபோனில் முக்கால்வாசி மேடைப் படங்கள். முகம் தெளிவு, கை மட்டும் புகை. ஷட்டர் 1/30 நொடி என்று இருந்தது. அடவு போடும் கையை உறைய வைக்க குறைந்தது 1/250 நொடி வேகம் வேண்டும். ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், ஆடுகிறவரின் கையை அல்ல. அக்காவுக்கு வேண்டியது வெளிச்சத்தை வாரிக்கொள்ளும் லென்ஸ் என்பது இங்கேயே தெரிந்துவிட்டது.

படி 2: அரைக் கிலோ பருப்பு

ஆர்50 பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) பேட்டரி, கார்டோடு 375 கிராம். பெட்டியில் கூட வரும் 18-45 மி.மீ. கிட் லென்ஸ் 130 கிராம். இரண்டும் சேர்த்து 505. ஒரு அரைக் கிலோ துவரம்பருப்பு பாக்கெட்டை வழக்கமான கைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு வாரம் அலுவலகம், கடைத்தெரு, கல்யாணம் என்று போய் வாருங்கள். மூன்றாம் நாளே எடுத்து வெளியே வைத்துவிட்டால் மிரர்லெஸ் உங்கள் வீட்டு பீரோவில்தான் இருக்கும். எடை மட்டுமல்ல, லென்ஸ் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். எந்த பேன்ட் பாக்கெட்டிலும் நுழையாது.

படி 3: லென்ஸ் கணக்கு (இதைத் தாண்டிப் போகாதீர்கள்)

பலரும் ஏமாறுவது இங்கேதான். "பெரிய சென்சார் சார், நைட்ல பிச்சிக்கும்" என்று கடைக்காரர் சொல்வார். சொல்வது பாதி உண்மை. பெட்டியில் வரும் கிட் லென்ஸின் மேல் என்ன எண் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

ஆர்50 கிட் லென்ஸ்: எஃப் 4.5 முதல் 6.3 வரை. ஜி7 எக்ஸ் மார்க் 3: எஃப் 1.8 முதல் 2.8 வரை. இந்த எண் சிறியதாக இருந்தால் வெளிச்சம் அதிகம். எவ்வளவு அதிகம் என்பதற்குப் பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்க வேண்டும். 4.5 ÷ 1.8 = 2.5. அதன் வர்க்கம் 6.25. அதாவது ஜி7 எக்ஸின் லென்ஸ் 6.25 மடங்கு வெளிச்சத்தை விடுகிறது.

சென்சார் பரப்பு? ஆர்50இல் 332 சதுர மி.மீ., ஜி7 எக்ஸில் 116. மிரர்லெஸ் சுமார் 2.9 மடங்கு பெரியது. 6.25ஐ 2.9ஆல் வகுத்தால் 2.2. அதாவது ஒரே ஷட்டர் ஸ்பீடில், கிட் லென்ஸ் மாட்டிய மிரர்லெஸ்ஸைவிட அந்தக் குட்டிக் கேமரா மொத்தத்தில் இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சம் சேர்க்கிறது! முதல்முறை போட்டபோது கணக்கு தப்போ என்று திரும்பப் போட்டுப் பார்த்தேன். சரிதான்.

மேடைக்கு ஜூம் செய்த நிலையில் பார்ப்போம். ஐஎஸ்ஓ எண் ஏற ஏறப் படத்தில் மணல் கூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கிட் லென்ஸ் எஃப் 6.3இல் ஐஎஸ்ஓ 12800 கேட்கும் இடத்தில், ஜி7 எக்ஸ் எஃப் 2.8இல் 2500 போதும். சிறிய சென்சார் என்பதால் 2500க்கே கொஞ்சம் மணல் தூவியது போல வரும். ஆனாலும் 12800க்கு அது தேவலை.

இப்போது அதே ஆர்50இல் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டுங்கள். 160 கிராம்தான், கேனன் ஆர்எஃப் லென்ஸ்களிலேயே மலிவான வரிசையில் ஒன்று. அதே மேடையில், அதே ஷட்டரில் ஐஎஸ்ஓ 1000 போதும். அதுவும் பெரிய சென்சாரில். பாக்கெட் கேமரா இங்கே கிட்டவே வர முடியாது.

அதனால் என் கட்சி இது: இரண்டாவது லென்ஸ் வாங்கவே மாட்டேன் என்கிறவர், இருட்டுப் படத்துக்காக மிரர்லெஸ் வாங்குவது வீண். 1 இன்ச் பாக்கெட் கேமராவுக்குப் போங்கள். இரண்டாவது லென்ஸுக்கு இப்போதோ ஆறு மாதம் கழித்தோ பணம் ஒதுக்க முடியும் என்றால் மட்டும் மிரர்லெஸ்.

ஒரு விதிவிலக்கு. ஜி7 எக்ஸ் மார்க் 3 பழைய கான்ட்ராஸ்ட் முறையில் (லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தித் தெளிவைத் தேடும் முறை) ஃபோகஸ் செய்வது. ஆடும் ஆள், ஓடும் குழந்தை என்றால் தடுமாறும். அந்த விஷயத்தில் ஆர்எக்ஸ்100 மார்க் 7 நன்றாகவே ஓட்டும், ஆனால் அதன் லென்ஸ் எஃப் 2.8இல்தான் தொடங்குகிறது. ஆர்50 முகத்தையும் கண்ணையும் பிடித்துக்கொண்டால் விடாது. அக்காவுக்கு நான் மிரர்லெஸ் பக்கம் சாய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 4: எவ்வளவு தூரம்?

இந்த மி.மீ. எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். கேமராக்களை ஒப்பிட, பழைய 35 மி.மீ. ஃபிலிம் கணக்குக்கு மாற்றிச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் கிட் லென்ஸின் 45 மி.மீ. என்பது கேனன் ஏபிஎஸ்-சியில் 72 மி.மீ. போலத்தான். ஆர்எக்ஸ்100 மார்க் 7 200 வரை போகும், இக்ஸஸ் 300 வரை. சுற்றுலாவில் கோபுரத்துச் சுதைச் சிற்பம் எடுக்க இவை தாராளம். வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரை எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் 300கூடப் பற்றாது. அப்போது வேறு வழியில்லை, மிரர்லெஸ்ஸும் 100-400 போன்ற லென்ஸும்தான்.

படி 5: முழு பில்

பாடி விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். மிரர்லெஸ் பக்கம் இரண்டாவது லென்ஸ், ஸ்பேர் பேட்டரி, பை எல்லாவற்றையும் கூட்டுங்கள். பாக்கெட் கேமரா பக்கம் ஸ்பேர் பேட்டரியும் கார்டும் போதும். கார்டில் வி30 என்ற வேகக் குறியீடு போட்டிருந்தால் வீடியோவுக்கும் சரி, அதற்கு மேல் செலவு வேண்டாம்.

சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பூஞ்சை. மழைக்காலத்தில் லென்ஸ் பையிலேயே கிடந்தால் கண்ணாடிக்குள் நூல் நூலாகப் படரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறினால் மாற்றிவிட வேண்டும். ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினட் எல்லாம் நாலைந்து லென்ஸ் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 6: கடையில்

கண்ணாடி ஷோகேஸ் விளக்கில் எல்லாக் கேமராவும் அழகாகத்தான் எடுக்கும். கடையின் இருட்டு மூலைக்குப் போய், கூட வந்தவரைக் கையை ஆட்டச் சொல்லி எடுங்கள். திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். வெயிலில் எடுப்பவர் என்றால் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருக்கிறதா பாருங்கள்; இசட்30, இசட்வி-ஈ10 இரண்டிலும் கிடையாது, உள்ளே ஃபிளாஷும் கிடையாது. ஆர்100 விலை குறைவு என்று இழுக்கும். அதன் திரை திரும்பாது, தொட்டாலும் வேலை செய்யாது. ஃபோனில் பழகிய கைக்கு அது பெரிய தொல்லை, நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஜிஎஸ்டி பில், இந்திய வாரண்டி இரண்டும் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் நகர்ந்துவிடுங்கள். பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அக்கா வாங்கியது ஆர்50, 18-45 கிட், கூடவே அந்த 50 மி.மீ. சபாவில் 50, சுற்றுலாவில் 18-45. "பருப்பு பாக்கெட்டே பரவாயில்ல போல" என்று இன்னமும் முனகுகிறாள்.

பின்சேர்க்கை 1: புதுக் கேமரா படமே எடுக்கவில்லை, திரையில் ஏதோ எச்சரிக்கை வருகிறது என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார். பழுது இல்லை. கேனன் 18-45, நிக்கான் 16-50 இரண்டும் உள்ளே மடங்கும் லென்ஸ்கள். ஜூம் வளையத்தைத் திருகி வெளியே இழுத்த பிறகே எடுக்கும்.

பின்சேர்க்கை 2: ரிக்கோ ஜிஆர் 3 ஏன் இல்லை என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள். 257 கிராமில் ஏபிஎஸ்-சி சென்சார், எஃப் 2.8 லென்ஸ், அருமையான கேமரா. ஆனால் ஜூம் கிடையாது, ஃபிளாஷ் கிடையாது, எப்போதும் 28 மி.மீ. அகலப் பார்வைதான். தெருவில் நடந்து படம் எடுப்பவருக்குச் சரி. முதல் கேமராவாக, அதுவும் மேடைக்கு, நான் சொல்ல மாட்டேன்.

பின்சேர்க்கை 3: அல்ட்ரா காம்பாக்ட்தான் வேண்டும், பழையதாகப் பார்த்து வாங்குகிறேன் என்பவர்களுக்கு: கார்டு தகராறு வரும். எஸ்டிஹெச்சி (2 ஜிபிக்கு மேற்பட்ட, 32 ஜிபி வரையிலான கார்டு வகை) 2006இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பல கேமராக்கள் 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. அடுத்த சில வருடத்து மாடல்களில் 32 ஜிபி வரை போடலாம், 64 ஜிபி கார்டு போட்டால் 'கார்டு எரர்' காட்டும். வாங்கும் இடத்திலேயே உங்கள் கார்டைப் போட்டு ஒரு படம் எடுத்து, கேமராவை அணைத்துத் திரும்பப் போட்டு, அந்தப் படம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.